கையடக்க ஹை-ஃபை பிளேயர்: மூண்டு நாள் கேட்டதில பட்டது

புழுக்கொடியல்
வெள்ளி இரவு 9.12

ஒரு வருசமாய் இஞ்சை வாய் பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப நானும் வாங்கியிட்டன். பிரான்சில இருந்து அத்தான் வரேக்கை, அம்மாவின்ரை மூட்டுவலிப் பூச்சுக்கும் பிள்ளையளின்ரை சொக்கிளேற்றுக்கும் நடுவில ஒரு சொக்ஸுக்கை சுத்திக் கொண்டந்தவர். எங்கடை காசுக்கு எழுபதினாயிரம் வருது. அம்மாவுக்குப் பதினைஞ்சு எண்டு சொல்லியிருக்கிறன். உங்களில ஆரும் எங்கடை வீட்டை வந்தால் தயவு செய்து அதையே சொல்லுங்கோ.

பேர் சொல்லேல்லை. குறையளும் எழுதப் போறன், பேந்து அந்தக் கொம்பனிக்கு வாதாட ஒருத்தர் வருவார். சீனாவில செய்தது, அன்ட்ரொயிட்டில ஓடுது, உள்ளுக்கை டிஜிற்றல் ஃபைலைச் சத்தமாய் மாத்திற, சீரஸ் லொஜிக்கின்ரை சிஎஸ்43198 சிப் ரெண்டு. கீழ்ப்பக்கம் இயர்ஃபோன் செருக 3.5 மில்லிமீற்றர் ஓட்டை ஒண்டு, 4.4 ஒண்டு. 32 ஜீபி, அதுக்கு மேல மெமறி காட் போடலாம்.

கையில எடுத்த உடனை தெரிஞ்சது பாரம். அரைக் கட்டி சவர்க்காரம் மாதிரிச் சின்னன், ஆனால் அமுக்கமாய்க் கிடக்கு. பக்கத்தில சத்தம் கூட்டிக் குறைக்கிற சில்லு. ஒவ்வொரு பல்லுக்கும் விரல் நுனியில ஒரு சின்ன இடறல் தெரியும். சட்டைப் பொக்கற்றுக்கை கையை விட்டுப் பாக்காமலே ரெண்டு பல்லுக் குறைக்கலாம். போனில பாட்டுக் கேட்டவைக்கு உதின்ரை அருமை விளங்கும். எனக்கு உந்தச் சில்லுக்கே அரைவாசிக் காசு குடுக்கலாம் போல இருந்தது.

முதல் நாள் இரவு பதினொண்டுக்கு ஃபேனை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டன். இந்த வெக்கைக்கை ஃபேனை நிப்பாட்டிறவனுக்கு எங்கடை ஊரில என்ன பட்டம் எண்டு தெரியும்தானே. மூண்டு பாட்டுக்கு மேல தாக்குப் பிடிக்கேலாது. ஆனால் பாட்டுத் தொடங்க முன்னம் ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு முதல் ஆச்சரியம் அதுதான். என்ரை பழைய போனில இதே இயர்ஃபோனைச் செருகினால் "ஸ்ஸ்" எண்டு மெல்லிய இரைச்சல் ஒண்டு எப்பவும் கிடக்கும். இதில இல்லை. கிணத்துக்கை காது வைச்ச மாதிரி ஒரு அமைதி.

ரெண்டாவது அதிர்ச்சி நல்லதில்லை. 2005, 2006 இல 150 பாட்டு ஒரே சீடியில எண்டு வித்த காலத்து எம்பி3 எல்லாம் பக்குவமாய் வைச்சிருந்தனான். ஒண்டும் கேக்கேலாது. சிம்பல் அடிக்கிற இடமெல்லாம் தகர டப்பாக்கை மணலைப் போட்டுக் குலுக்கின மாதிரி. இவ்வளவு காலமும் உதைத்தானோ ரசிச்சனான் எண்டு வெக்கமாய்ப் போச்சு.

குறை ரெண்டு. வெய்யிலுக்கை பொக்கற்றில வைச்சுக்கொண்டு சைக்கிளில போனால் நெஞ்சு சுடுது. மற்றது, பாட்டு வரிசை. பக்கத்தில ஆங்கில எழுத்து வரிசை மட்டும் கிடக்கு. தமிழில பேர் போட்ட பாட்டெல்லாத்தையும் அள்ளி, கடைசியில வேலி மாதிரி ஒரு குறி இருக்கே, அதுக்குக் கீழ கொட்டியிருக்கினம். 900 பாட்டு ஒரே குவியலில. பாமினி எண்ட பழைய எழுத்துருவில பேர் அடிச்ச ஃபைல்கள் இன்னும் மோசம். எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தெரியுது.

கடைசியாய் ஒரு கேள்வி. அப்பாவின்ரை கசெட் ஒண்டு கிடந்தது, மேல "தட்சணாமூர்த்தி - தனி" எண்டு பேனையால எழுதியிருக்கு, வருசம் இல்லை. மாமாட்டை இருக்கிற டெக்கில போட்டு கொம்பியூட்டருக்கு 24 பிட், 48 கிலோ ஹேட்ஸில எடுத்தனான். பிளேயரில கேட்டால் தவில் அடி விழ முன்னமே அதே அடி மெல்லிசாய் ஒருக்கா கேக்குது. நிழல் முன்னுக்கு வந்து ஆள் பிறகு வாற மாதிரி. பிளேயரில பிசகோ? ஒரு துண்டு வெட்டி இணைச்சிருக்கிறன், கேட்டுப் பாருங்கோ.

750_யன்னல்சீற்
வெள்ளி இரவு 9.40

வாழ்த்துக்கள் அண்ணை. அம்மாட்டைச் சொல்லாமல் இருக்க எனக்கு என்ன தருவியள்?

என்னட்டை சொனி என்டபிள்யூ-ஏ306 கிடக்கு, ஒரு வருசமாய்ப் பாவிக்கிறன். பாரம் 113 கிராம்தான். உதில நீங்கள் சொல்ற மாதிரி சிப் ஒண்டும் இல்லை, சொனியின்ரை எஸ்-மாஸ்டர் எச்எக்ஸ் எண்ட டிஜிற்றல் அம்ப். 4.4 ஓட்டையும் இல்லை. ஆனால் சாதாரண சீடித் தரத்து ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கின ஃபைல்) எண்டால் 36 மணித்தியாலம் ஓடும் எண்டு கொம்பனி சொல்லுது. நெல்லியடியில இருந்து யாழ்ப்பாணம் போய் வாற எனக்கு கிழமைக்கு ஒருக்கா சார்ஜ் போட்டால் காணும்.

ஒரு பம்பல் சொல்லட்டோ? அதில இசைத்தட்டு மாதிரிக் கேக்க வைக்கிற ஒரு செற்றிங் இருக்கு. காசு குடுத்து இரைச்சல் இல்லாத பிளேயர் வாங்கி, பேந்து அதுக்கை ஊசி ஓடுற இரைச்சலைப் போடுறது. நான் அதைப் போட்டுத்தான் கேக்கிறனான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.

மினிபஸ்ஸுக்கை எந்தப் பிளேயரும் சரிவராது. றைவர் அண்ணையின்ரை பாட்டுத்தான் எல்லாருக்கும்.

ஆனையிறவு உப்பு
வெள்ளி இரவு 10.25

தம்பி, வாங்கினது வாங்கியாச்சு, அனுபவியும். ஆனால் மூண்டு விசயத்தைப் பிரிச்சுப் பாரும். இரைச்சல் இல்லாதது உண்மை, அது பிளேயரின்ரை கெட்டித்தனம்தான். மெல்லிய கரண்டில வேலை செய்யிற இயர்ஃபோனுக்கு அது பெரிய வித்தியாசம். எம்பி3 கூடாமல் கேக்கிறது பிளேயரால இல்லை, முந்தியும் அது கூடாமல்தான் இருந்தது. நீர் புது இயர்ஃபோனும் வாங்கியிருப்பீர், என்ன?

சீடி எண்டால் 16 பிட், 44.1 கிலோ ஹேட்ஸ். அதில 22 கிலோ ஹேட்ஸ் வரைக்கும் பிடிக்கலாம். மனிசக் காதுக்கு நல்ல வயசில 20. எனக்கு 50 தாண்டியாச்சு, 13ஐத் தாண்டினால் ஒண்டும் கேளாது, சோதிச்சுப் பாத்தனான். அப்ப 192 கிலோ ஹேட்ஸ் ஃபைல் ஆருக்கு? வௌவாலுக்கு. மூண்டு நிமிசப் பாட்டுக்குச் சுருக்காமல் வைச்சால் சீடித் தரம் 32 எம்பி வரும், 24 பிட் 192 எண்டால் 200 எம்பியைத் தாண்டும். மெமறி காட் விக்கிறவனுக்கு லாபம்.

24 பிட் எண்டு பெடியள் பென் டிரைவில கொண்டு திரியிறதுகளையும் நம்பாதையும். ஓடாசிட்டி எண்ட புரோகிராமில திறந்து ஸ்பெக்ட்ரம் பாரும். 16 கிலோ ஹேட்ஸில கத்தியால வெட்டின மாதிரி நிண்டால் அது 128 எம்பி3ஐ ஊதிப் பெருப்பிச்சது. பழங்கஞ்சியைப் புதுச் சட்டியில ஊத்தின கதை.

உந்த முன்நிழல் சங்கதி எனக்குப் பிடிபடேல்லை. பிளேயர் வராத சத்தத்தை முன்கூட்டிச் சொல்லாது, அதுக்குச் சாத்திரம் தெரியாது. கசெட்டைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் சொல்லட்டும்.

மார்க்கம் மருமகன்
சனி காலை 6.05

அண்ணை எல்லாத்தையும் கணக்கிலயே முடிச்சுப் போடுவார். புழுக்கொடியல், அவசரப்பட்டு முடிவு கட்டாதேங்கோ, முதல் 100 மணித்தியாலம் சும்மா ஓட விடுங்கோ. சிப்பும் கண்டென்சரும் பழக வேணும். என்ரை முதல் கிழமையில கூர்மையாய்க் குத்தினது, ஒரு மாசத்தில தேனாய்ப் போச்சு.

மற்றது பிரான்சில வாங்கினதெண்டால் கவனம். ஐரோப்பாவில ஈஎன் 50332 எண்டு ஒரு விதி. 85 டெசிபெல்லுக்கு மேல போகேக்கை எச்சரிக்கை காட்ட வேணும், 100க்கு மேல விடக்கூடாது. சிலதில சத்தம் காணாமல் இருக்கும்.

ஆனையிறவு உப்பு
சனி காலை 6.30

மருமகனே, ஒரு மாசத்தில பழகினது சிப் இல்லை, உம்மடை காது. எங்கடை அம்மம்மாவின்ரை புளிக்கஞ்சியும் ஒரு மாசத்தில தேனாய்ப் போகும்.

ஈஎன் 50332 பற்றிச் சொன்னது சரி. ஏற்றுக்கொள்ளுறன்.

அஞ்சரைக்கட்டை
சனி காலை 8.15

நான் மிசின் தெரிஞ்ச ஆள் இல்லை, மருதனார்மடத்தில சங்கீதம் படிச்சனான், இப்ப பிள்ளையளுக்கு வயலின் சொல்லிக் குடுக்கிறன். அதால பாட்டுப் பக்கம் மட்டும்.

உங்கடை துண்டைக் கேட்டன். தனி, அதான் தவில் தனிய வாசிக்கிற இடம், தொடங்க முன்னம் நாதஸ்வரம் ஒரு நிமிசம் வருது. பாரி நாயனம் (நீட்டு நாதஸ்வரம்) எண்டால் சுருதி ரெண்டு, ரெண்டரைக் கட்டையில நிக்க வேணும். உங்கடையில மூண்டைத் தொடுது. அரைக் கட்டை கூட, அப்பிடி எண்டால் நாடா ஆறு வீதம் அளவில வேகமாய் ஓடுது. தவிலின்ரை தொப்பியும், அதான் இடந்தலை, இதாலதான் சின்னனாய், இறுகிப்போய்க் கேக்குது. நல்ல தவிலுக்கு இடந்தலை வயித்துக்கை கேக்க வேணும். எழுபதினாயிரம் குடுத்தும் வயித்துக்கை கேக்கேல்லை எண்டால் பிளேயரில குறை பிடிக்காதேங்கோ, ஓட்டம்தான் பிழை.

கேள்வி ஒண்டு: தொடக்கத்திலயும் முடிவிலயும் சுருதி ஒண்டாய்த்தான் இருக்கோ, இல்லாட்டிப் போகப் போக ஏறுதோ?

பிறகு, தட்சணாமூர்த்தி எண்டால் எங்கடை தவில் தட்சணாமூர்த்தியோ? அவர் 1975 இல 42 வயசு ஆகமுன்னமே காலமாயிட்டார். உண்மையாய் அவற்றை தனி எண்டால் ஆரும் விளையாட்டுக்கு அதிலை கை வையாதேங்கோ.

ரேப்காரர்
சனி மதியம் 1.50

மெல்ல மெல்லத்தான் எழுதுவன், கண்ணாடி சரியில்லை.

யாழ்ப்பாணத்தில ரெக்கோடிங் பார் நடந்த காலத்தில நான் ஒண்டில வேலைக்கு நிண்டனான். பட்டியலை எழுதிக் கொண்டு வந்து தருவினம், இசைத்தட்டில இருந்து கசற்றுக்கு அடிச்சுக் குடுப்பம். ஒரு அறுபதுக் கசற்றில பக்கத்துக்கு ஏழு பாட்டு, மிச்சம் இருந்தால் எட்டாவது பாதியில நிக்கும். பாதியில நிண்டதுக்குச் சண்டைக்கு வந்தவை பேந்து கலியாணத்துக்கும் கூப்பிட்டவை.

தம்பியின்ரை முன்நிழல் பிளேயரில பிசகே இல்லை. அது நாடாவில ஒட்டுற சத்தம். கசற்றுக்கை நாடா சுத்துக்கு மேல சுத்தாய்க் கிடக்குதெல்லே. பலத்த சத்தம் பதிஞ்ச இடம் ஒரு காந்தம். அதுக்கு மேல படுத்திருக்கிற சுத்திலயும் கீழ படுத்திருக்கிற சுத்திலயும் தன்ரை சாயலை மெல்லிசாய் ஒட்டிப் போடும். வருசக் கணக்கில அசையாமல், அதுவும் எங்கடை வெக்கைக்கை கிடந்தால் நல்லாய் ஒட்டும். அதால ஒரு சுத்து முன்னம் நிழல் வரும். பின்னாலையும் ஒண்டு வரும், ஆனால் அது மூல அடியின்ரை அதிர்வுக்கை மறைஞ்சு போகும். தொண்ணூறுக் கசற் நாடா அறுபதை விட மெல்லிசு, அதில கூட ஒட்டும்.

சோதிக்கிறதெண்டால் வழி சொல்லுறன். கசற் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். உருளை நிரம்பியிருக்கேக்கை வெளிச்சுத்து 16 சென்ரிமீற்றர் அளவில வரும். அப்ப நிழலுக்கும் அடிக்கும் நடுவில மூண்டு விநாடிக்குக் கொஞ்சம் கூட. உள்சுத்து 7 சென்ரிமீற்றர், அங்கை ஒண்டரை விநாடி. பக்கத்தின்ரை தொடக்கத்தில இடைவெளி கூடி, முடிவுக்குப் போகப் போகக் குறைஞ்சால் ஒட்டின சத்தம்தான். ஒரே அளவாய் நிண்டால் நான் சொன்னது பிழை.

தங்கச்சி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. சுருதி போகப் போக ஏறுதெண்டால் அது பற்றரியில ஓடின மிசினில பதிஞ்சது. பதியேக்கை பற்றரி இறங்கி மிசின் மெதுவாய் ஓடியிருக்கும், நாங்கள் சரியான வேகத்தில போடேக்கை அது வேகமாய்க் கேக்கும். கோயில் வீதியில வயர் இழுக்க ஆர் விடுவினம்?

பற்றரி எண்டவுடனை ஒண்டு ஞாபகம் வருது. தொண்ணூறுக்குப் பிறகு இஞ்சை கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயர் எடுத்து, நாலு டயோட் போட்டு ரேப் ரெக்கோடருக்குக் குடுப்பம். ஒரு பெடியன் கையால பெடலைச் சுத்துவான். அவன் களைச்சால் பாட்டும் களைக்கும், பெண் குரல் ஆண் குரலாய்ப் போகும். "டேய் சுத்தடா, சுருதி இறங்குது" எண்டு கத்துவம். எங்களுக்கு அந்த நாள் ஹை-ஃபை எண்டால் களைக்காத பெடியன்.

750_யன்னல்சீற்
சனி மதியம் 2.10

ஐயா, கடைசி வரியைப் பிறின்ற் எடுத்துச் சுவரில ஒட்டப் போறன்.

மார்க்கம் மருமகன்
சனி இரவு 8.20

அந்தப் பெடலைச் சுத்தின பெடியள்ல நானும் ஒருத்தன், கொக்குவிலில. என்ரை அண்ணர் பக்கத்திலயே இருந்து வாசிப்பார், நான் சுத்த வேணும். இண்டைக்கு இஞ்சை ரெண்டாயிரம் டொலருக்கு பிளேயர் வைச்சிருக்கிறன், அந்தக் காலத்தில கேட்ட ஆவல் இல்லை. அதை விடுவம்.

புழுக்கொடியல், ஸ்பெக் எண்டு ஒரு சின்னப் புரோகிராம் இருக்கு, ஃபைலை இழுத்துப் போட்டால் படம் காட்டும், ஓடாசிட்டியை விடச் சுகம். என்ரை "ஹை-ரெஸ்" சேகரிப்பை இண்டைக்குத்தான் போட்டுப் பாத்தன். 40 பாட்டில 11 வெட்டுப்பட்டது. காசு குடுத்து வாங்கினதுகளும் அதுக்கை கிடக்கு. அண்ணை சிரிக்காதேங்கோ.

ஆனையிறவு உப்பு
சனி இரவு 8.31

சிரிக்கேல்லை. நானும் ஒரு காலத்தில வாங்கினவன்தான்.

புழுக்கொடியல், நாளைக்கு ஞாயிறு, சோலி இல்லை எண்டால் ஒரு சோதினை செய்யும். பிளேயரையும், இயர்ஃபோனைப் பூட்ட போனில செருகிற அந்தச் சின்ன வெள்ளை டொங்கிள் ஒண்டையும் ஒப்பிட்டுப் பாரும். ஆரையாவது மாத்தித் தரச் சொல்லி, எது எண்டு பாக்காமல் பத்துத் தரம் சொல்லும். சத்தம் ரெண்டிலயும் ஒண்டாய் இருக்க வேணும், அதுதான் உயிர். கொஞ்சம் கூடச் சத்தமாய் இருக்கிறதுதான் எப்பவும் "தெளிவாய்" கேக்கும். காதால சமப்படுத்த ஏலாது, மீட்டர் வேணும். 100 ஹேட்ஸ் ரோன் ஒண்டைப் போட்டு, ரெண்டு வோல்ற் ஏசி அளக்கிற மீட்டரால பாரும். 1 கிலோ ஹேட்ஸ் போடாதையும், மலிவு மீட்டர்கள் அங்கை பொய் சொல்லும். இயர்ஃபோன் செருகியிருக்கத்தான் அளக்க வேணும்.

புழுக்கொடியல்
ஞாயிறு இரவு 9.55

நீளமாய்த்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல ரேப்காரர் ஐயா. ஏ பக்கத்தின்ரை தொடக்கத்தில பலத்த அடி ஒண்டு பிடிச்சு ஓடாசிட்டியில அளந்தன். நிழலுக்கும் அடிக்கும் நடுவில 3.1 விநாடி. நடுவில ஒண்டு, 2.4. முடிவுக்குக் கிட்ட 1.6. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. நாடா சுத்தின சுத்தையே காதால அளந்த மாதிரி. நீங்கள் மிசினையும் பாக்காமல் கசற்றையும் பாக்காமல் இருந்த இடத்தில இருந்து சொல்லிப்போட்டியள்.

அக்கா கேட்ட சுருதி: ஏறுது. தொடக்கத்தில ரெண்டரையை ஒட்டி நிக்குது, முடிவில மூண்டையும் தாண்டுது. நான் வெட்டி இணைச்ச துண்டு பின்பக்கத்தில எடுத்தது. அப்ப பற்றரி மிசின்தான். அப்பாட்டைக் கேட்டன். அந்த மிசின் தன்ரை இல்லையாம், சிங்கப்பூரில இருந்து வந்த ஒருத்தற்றையாம், தான் பிறகு கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தவராம். எந்தக் கோயில் எண்டு ரெண்டு பேர் சொல்லுறார், ரெண்டும் அளவெட்டிப் பக்கம். இயர்ஃபோனைக் காதில வைச்சு விட்டன். கொஞ்ச நேரம் கேட்டுப் போட்டு, "உது அண்டைக்கு இப்பிடிக் கேக்கேல்லை, அண்டைக்கு நான் தேருக்குப் பின்னால நிண்டனான்" எண்டார். பிறகு கழட்டித் தரவே இல்லை, பற்றரி முடியும் வரைக்கும். பத்து மணித்தியாலம் ஓடுற பற்றரி, காலமை பாதியிலதான் இருந்தது எண்டது என்ரை அதிட்டம்.

இப்ப ஆனையிறவு அண்ணை. மீட்டர் பக்கத்து வீட்டு வயறிங் அண்ணையிட்டை இரவல். தங்கச்சி மாத்தித் தந்தவ, முதுகுப் பக்கம் இருந்து. பத்துக்கு ஆறு சரி. ஆறு எண்டவுடனை துள்ளினன். தங்கச்சி ஒரு ரெண்டு ரூபாக் குத்தியை எடுத்துப் பத்துத் தரம் சுண்டினவ. அதுக்கும் ஆறு தலை. பேந்து நான் ஒண்டும் கதைக்கேல்லை.

அந்த முன்நிழலும் டொங்கிளில கேக்குது. அமைதியான இடத்தில, நல்ல இயர்ஃபோனில, கவனிச்சுக் கேட்டால் போனிலயே கேக்குது. இவ்வளவு நாளும் நான் கவனிச்சுக் கேக்கேல்லை எண்டதுதான் கதை. ஓம், புது இயர்ஃபோனும் வாங்கினனான் அண்ணை, அதை முதல் பதிவில ஒளிச்சது பிழைதான்.

அப்ப எழுபதினாயிரம் தண்ணியில போச்சோ எண்டால், எனக்கு அப்பிடிப் படேல்லை. மாமாட்டை 300 ஓம் பெரிய ஹெட்ஃபோன் ஒண்டு கிடக்கு. டொங்கிள் அதுக்கு மூச்சு வாங்குது, பிளேயரின்ரை 4.4 ஓட்டை சும்மா தூக்கிக்கொண்டு போகுது. இதில சிம் இல்லை, ஒருத்தரும் எடுக்க மாட்டினம். வட்ஸ்அப்பையும் நான் இன்னும் போடேல்லை. நேற்று ஒரு கச்சேரியை நடுவில எழும்பாமல் ஒண்டே முக்கால் மணித்தியாலம் கேட்டன். கடைசியாய் எப்ப அப்பிடி இருந்து கேட்டனான் எண்டு ஞாபகம் வரேல்லை. பிறகு அந்தச் சில்லு. சில்லைப் பற்றி ஆரும் என்னோடை வாதாட வேண்டாம்.

மருமகன் அண்ணை, 60ஐத் தாண்டேக்கை மஞ்சள் எச்சரிக்கை ஒண்டு வருது, "ஓம்" எண்டு அமத்தினால் போகுது. சத்தம் காணும்.

பாட்டு வரிசைக்கும் ஒரு வழி கிடைச்சிட்டுது. கொம்பனி போட்ட அப்பை விட்டிட்டு வேறை ஒரு பிளேயர் அப் போட்டன், அதில தமிழ் அகர வரிசையிலயே வருது. பாமினி ஃபைல்களை ஒவ்வொண்டாய் யுனிகோட்டுக்கு மாத்திறன். 900 இல 40 முடிஞ்சுது. பிழை எழுத்தோடை கிடந்தாலும், அந்த நேரம் இருந்து இதையெல்லாம் அடிச்சவன் நல்ல பொறுமைசாலி.

ஆனையிறவு உப்பு
ஞாயிறு இரவு 10.20

ஆறை ஆறு எண்டு எழுதினதுக்கு நன்றி தம்பி. இஞ்சை வாறவை எல்லாம் பத்துக்குப் பத்து எண்டுதான் எழுதுறவை.

300 ஓம் ஹெட்ஃபோனுக்கு நீர் சொன்னது நியாயம். அதுக்கு வோல்ற் வேணும், டொங்கிளில ஒரு வோல்ற் மட்டில, ஐரோப்பாவுக்கு எண்டு வாறதில அதிலும் பாதி. அங்கை பிளேயர் வெல்லும். எழும்பாமல் கேட்டதை அளக்க என்னட்டை மீட்டர் இல்லை.

அஞ்சரைக்கட்டை
திங்கள் காலை 7.40

ஏறுற சுருதியைத் திருத்தலாம். நாதஸ்வரம் வாற இடங்களில மட்டும் ஷட்ஜம், அதான் "ச", எங்கை நிக்குது எண்டு குறிச்சுத் தாறன், நிமிசத்துக்கு ஒருக்கா. அதை வைச்சு ஓட்டத்தைப் படிப்படியாய்க் குறைக்கலாம். தனிக்குள்ளை சுருதி இல்லைத்தானே எண்டு நினையாதேங்கோ, வலந்தலைக்குச் சுருதி இருக்கு.

ஆனால் முதல் எடுத்த ஃபைலைத் தொடாமல் அப்பிடியே வையுங்கோ. திருத்தினது வேறை, மூலம் வேறை.

ரேப்காரர்
திங்கள் காலை 9.05

தங்கச்சி சொல்றது சரி, ஆனால் அதுக்கும் முதல் வேலை ஒண்டு கிடக்கு. துண்டைத் திரும்பக் கேட்டன். மேல் சுரங்கள் போர்வைக்குள்ளால வாற மாதிரிக் கிடக்கு. பதிஞ்ச மிசினின்ரை ஹெட்டும் (நாடாவைத் தொடுற தலை) மாமாவின்ரை டெக்கின்ரை ஹெட்டும் ஒரே சாய்வில இல்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில சுருள் போட்ட ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும். பாட்டு ஓடேக்கை அதை மயிரிழை மயிரிழையாய்த் திருப்ப, ஒரு இடத்தில போர்வை விலகும். அங்கை நிப்பாட்டிறது. அதுக்குப் பிறகு எடுக்கிற ஃபைல்தான் மூலம். இப்ப வைச்சிருக்கிறது ஒத்திகை.

ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வையும். எடுக்க முன்னம் கசற்றை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ரெண்டு மூண்டு தரம் முழுக்கச் சுத்தும், ஒட்டின நிழல் கொஞ்சம் இறங்கும்.  

போயா லீவு அண்டைக்கு நான் சும்மாதான். கோண்டாவில் எண்டால் சைக்கிளிலயே வரலாம். சின்ன ஸ்குறூ டிரைவர் என்னட்டை இருக்கு, காந்தம் இல்லாதது.

புழுக்கொடியல்
திங்கள் காலை 9.20

வாங்கோ ஐயா, பத்து மணிக்கு. மத்தியானம் இஞ்சை சாப்பிட்டிட்டுத்தான் போகலாம், அம்மா சொல்லுறா. அக்காவும் வர ஏலுமெண்டால் வாங்கோ. விலையை மட்டும் ஆரும் கதைக்கப்படாது.

ரேப்காரர்
திங்கள் காலை 9.34

நல்லது. ஒண்டு மறந்து போனன். கசற்றின்ரை முதுகில ரெண்டு மூலையிலயும் சின்னப் பிளாஸ்ரிக் பல்லு நிக்குதோ எண்டு பாரும். நிண்டால் இண்டைக்கே முறிச்சுப் போடும். தெரியாமல் ரெக்கோட் பட்டினை அமத்தினால் போச்சு.

புழுக்கொடியல்
திங்கள் காலை 9.41

ஒண்டு முறிஞ்சு கிடந்தது. மற்றது நிண்டது. இப்ப ரெண்டும் இல்லை.